418 காசுகள்: வெளிநாட்டுச் சில்லறையை விற்பது பற்றி

நாணயம் சேகரிப்பது குறித்துத் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் பழங்காசுகளைப் பற்றியவை. சங்ககாலப் பாண்டியரின் ‘பெருவழுதி’ எழுத்துப் பொறித்த காசை 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட செய்தியைக் கல்வெட்டியல் வகுப்பில் படிக்காத மொழியியல் மாணவர் இருக்க முடியாது. ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் கிடப்பவை அத்தகைய காசுகள் அல்ல. பிஸ்கட் டப்பாவில், ஜவுளிக்கடை மஞ்சள் பையில், கடவுச்சீட்டு உறைக்குள் கிடப்பவை ஃபில்ஸ், பைசா, ஹலாலா, சென்ட். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்களின் சட்டைப் பையில் ஊர் திரும்பிய சில்லறை. அவற்றை என்ன செய்வது என்று யாரும் எழுதி நான் காணவில்லை. சென்ற ஆண்டு எட்டு மாதங்கள் அந்த வேலையைச் செய்ய நேர்ந்ததால் இதை எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க.

பெரியப்பா எலப்புள்ளியிலிருந்து 1981இல் அபுதாபிக்கு ஓட்டுநராகச் சென்று, 2005இல் திரும்பினார். இடையில் மூன்றாண்டு மஸ்கட்டில். அவர் மறைந்த பின் பெரியம்மாவிடம் எஞ்சியவற்றுள் ஒன்று, நெய் பிஸ்கட் வந்த ஒரு தகர டப்பா. எடை போட்டபோது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. எண்ணியபோது 418 காசுகள். அந்த டப்பா பல ஆண்டு அப்படியே கிடந்திருக்கும், ஒரு தொலைபேசி அழைப்பு வந்திராவிட்டால். பழைய காசுகளுக்குப் பல லட்சம் தருவதாக ஒருவன் அழைத்திருக்கிறான். படம் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் படமெடுத்து அனுப்பியதும், ‘அங்கீகாரம் கிடைத்துவிட்டது, பதிவுக் கட்டணம் 2,450 ரூபாய் மட்டும் செலுத்துங்கள்’ என்று ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு ஒரு தாள் வாட்ஸப்பில் வந்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் பெரியம்மா என்னை அழைத்தார்.

“சாமி, ஒரு காசுக்கு எட்டு லச்சம்ங்கறான். உங்க பெரியப்பன் அப்படி ஒண்ணெ டப்பாவுல போட்டு வெச்சிருப்பாரா?”

அந்தக் கேள்வியின் அமைப்பை ஓர் ஆய்வாளனாகவும் கவனித்தேன் என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள். அவர் காசைப் பற்றி ஐயப்படவில்லை, அழைத்தவனைப் பற்றியும் ஐயப்படவில்லை. இருபத்து நான்கு ஆண்டு வெயிலில் வண்டியோட்டிய கணவர் தமக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருப்பாரோ என்றுதான் கேட்டார். மழைக்கு ஒழுகும் அடுக்களை ஓட்டை அந்தப் பணத்தில் மாற்றலாம் என்று கணக்கும் போட்டிருந்தார். எனவே ‘இது மோசடி’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட முடியவில்லை.

மோசடி என்பதில் ஐயமில்லை. 2021 ஆகஸ்ட் 4 அன்று இந்திய ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய தாள்களையும் காசுகளையும் வாங்கவோ விற்கவோ வங்கி எவருக்கும் அதிகாரம் தரவில்லை, அதற்காகக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை, வங்கியின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்தி ஏமாற்றுகிறார்கள் என்பதே அதன் சாரம். தொடக்க நிலையில் இருப்பவர் நினைவில் கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுதான். விற்பவர் முன்பணம் கட்டும் வணிகம் உலகில் இல்லை. வாங்குபவன்தான் பணம் தர வேண்டும்.

இரண்டாவது ஐயம் சட்டம் பற்றியது. வெளிநாட்டுப் பணத்தை வீட்டில் வைத்திருப்பதே குற்றமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த ஒழுங்குமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டுக் காசுகளை எவரும் வரம்பின்றி வைத்திருக்கலாம். இந்தியாவில் வசிப்பவருக்கு 2,000 டாலர் என்ற வரம்பு தாள்களுக்கும் பயணக் காசோலைகளுக்கும்தான். மற்றொன்று, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறாண்டைக் கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. பெரியப்பாவின் டப்பாவில் மிகப் பழையது 1964ஆம் ஆண்டுக் காசு, ஆகவே அந்தச் சட்டம் எங்களைத் தொடவில்லை. ஆனால் பாட்டன் காலத்துப் பெட்டியைத் திறப்பவர்கள் ஆண்டைப் பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது.

ஆண்டைப் பார்ப்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். வளைகுடாக் காசுகளில் அது எளிதன்று. எண்கள் அரபு வடிவில் இருக்கும். அவற்றில் புள்ளிதான் சுழியம், சிறு வட்டம் ஐந்து. ஆறு நம் கண்ணுக்கு ஏழு போலவே தோன்றும். ஏழும் எட்டும் ஒன்றையொன்று தலைகீழாக்கிய கூம்புகள். எழுத்து வலமிருந்து இடமாகச் சென்றாலும் எண் இடமிருந்து வலமாகவே படிக்கப்படும். அமீரகக் காசில் ஹிஜ்ரி ஆண்டும் பொது ஆண்டும் அருகருகே இருக்கும். சில நாடுகளில் ஹிஜ்ரி மட்டுமே. ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழப் பொது ஆண்டு வந்துவிடும். 1393 என்பது 1973. அமீரகத்தின் முதற்காசுகள் வெளிவந்த ஆண்டு. அந்தப் பத்து எண்வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் பெரியம்மா அரைமணி நேரத்தில் என்னைவிட வேகமாகப் படிக்கலானார். எழுத்தறியாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் அவர்.

படங்களையும் அவரே முதலில் வகைபிரித்தார். பத்து ஃபில்ஸில் பாய்க்கப்பல் (பேப்பூரில் கட்டும் உருதான் அது என்றார்), இருபத்தைந்தில் மான், ஐம்பதில் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள், ஒரு திர்ஹத்தில் காப்பிக் கூஜா. கூஜா, மான், கோபுரம் என்று மூன்று கிண்ணங்கள் நிரம்பின. இடையே கூஜாக் கிண்ணத்தில் ஏழு காசுகள் உருவத்தால் ஒத்து, முகத்தால் வேறுபட்டு நின்றன. அவை பிலிப்பைன்ஸ் பெசோ. அந்நாளைய ஒரு பெசோவும் 1995க்குப் பிந்தைய ஒரு திர்ஹமும் 24 மில்லிமீட்டர் விட்டம். மதிப்போ பெரிதும் வேறு. அமீரகத் தானியங்கி இயந்திரங்களில் பெசோவைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2006 வாக்கில் செய்திகள் வந்தன. பெரியப்பாவுக்கு அவை யாரோ கொடுத்த சில்லறையில் கலந்து வந்திருக்க வேண்டும். அவர் எவருக்கும் திரும்பத் தள்ளிவிடாமல் டப்பாவில் போட்டிருக்கிறார்.

இங்கே மொழியியலிலிருந்து ஒரு கருவியைக் கடன் வாங்க வேண்டும். ஒரு பனுவலில் எத்தனை சொற்கள் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. மொத்த வருகைகள் ஒன்று, வேறுபட்ட சொல்வகைகள் மற்றொன்று. டப்பாவில் வருகைகள் 418. வகைகள் நாற்பதைத் தாண்டவில்லை. சொற்களின் பரவலைப் போலவே மூன்று வகைகள் மட்டும் 260 காசுகளை விழுங்கியிருந்தன: ஒரு திர்ஹம் 96, ஐம்பது ஃபில்ஸ் 88, இருபத்தைந்து ஃபில்ஸ் 76. சேகரிப்பவர் வாங்குவது வகையை. ஒரு வகையில் ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த தொண்ணூற்றைந்து அவருக்குத் தேவையில்லை. புதிதாக விற்க வருபவரின் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. குவியலைக் காட்டி வகையின் விலையைக் கேட்கிறார்.

கோவையில் டவுன்ஹால் பக்கம் பழங்காசு வாங்கும் ஒருவரிடம் டப்பாவைக் கொண்டு சென்றேன். அவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, கிலோ 900 ரூபாய் என்றார். மொத்தத்துக்கு 1,900 ரூபாய் தேறும். அவர் சொன்ன விலையில் அநீதி இல்லை. அவரும் எடைக்கணக்கில்தான் விற்கிறார். வகைபிரிக்கும் உழைப்பும் விற்காமல் கிடக்கும் காலமும் அவருடையவை. ஆனால் ஒரு சிறு கணக்கு மனத்தில் ஓடியது. அந்த 260 காசுகளின் முகமதிப்பு 159 திர்ஹம். திர்ஹம் டாலரோடு 3.6725 என்ற வீதத்தில் 1997 முதல் பிணைக்கப்பட்டது. அன்றைய வீதத்தில் ஒரு திர்ஹம் 22 ரூபாய் 70 காசு. அதாவது செல்லுபடியாகும் பணமாகவே அது 3,600 ரூபாய். எடைக்கு விற்றால் முகமதிப்பில் பாதிக்குத் தருகிறோம்.

எனில் நாணயமாற்று நிலையத்தில் கொடுத்துவிடலாமே என்பீர்கள். பாலக்காட்டில் இரண்டு இடங்களில் கேட்டேன். தாள் மட்டும் எடுப்போம் என்றார்கள். காசை வாங்கினால் அதை அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் எடைச்செலவு மதிப்பைத் தின்றுவிடும் என்பதே காரணம். ஆகவே இன்றும் புழங்கும் வெளிநாட்டுக் காசுக்கு ஆகச் சிறந்த வாங்குநர் வணிகரும் அல்லர், சேகரிப்பவரும் அல்லர். அடுத்த வாரம் அந்த நாட்டுக்கு விமானம் ஏறப்போகிறவர்தான். இந்த எளிய உண்மை எந்த விற்பனை வழிகாட்டியிலும் முன்னுக்கு வருவதில்லை. அதில் எவருக்கும் தரகு இல்லை என்பதால் இருக்கலாம். எங்கள் ஊரிலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. விடுமுறை முடிந்து அபுதாபிக்குத் திரும்பிய ஓர் உறவினர் 22 ரூபாய் வீதம் 3,498 ரூபாய் கொடுத்து அனைத்தையும் வாங்கிக்கொண்டார். மஸ்கட்டுக்குச் சென்ற மற்றொருவர் 61 ஓமன் காசுகளுக்கு, 2,350 பைசாவுக்கு, 490 ரூபாய் தந்தார். ஓமனில் ஆயிரம் பைசா ஒரு ரியால் என்பதைப் பெரியம்மாவுக்கு விளக்கியபோது, ‘அங்கெ பைசாவுக்கும் மதிப்பிருக்குது’ என்றார்.

அந்தச் சொல் அங்கே எப்படிப் போனது என்பது வேறு கதை. வளைகுடாவின் பல பகுதிகளில் 1960களின் நடுப்பகுதி வரை இந்திய ரூபாய்தான் பணம். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கசிவதைத் தடுக்க, 1959இல் அங்கு மட்டும் செல்லத்தக்க தனித் தாள்களை ரிசர்வ் வங்கி அச்சிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் அந்நாடுகள் தத்தம் பணத்துக்கு மாறின. கத்தாரும் துபாயும் சேர்ந்து அந்த ஆண்டைப் பொறித்து வெளியிட்ட காசுகளில் இரண்டு டப்பாவில் இருந்தன. இரு நாடுகள் சேர்ந்து சில ஆண்டுகளே நடத்திய பணம் என்பதால் அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து 250 ரூபாய்க்குப் போயின. லட்சங்கள் அல்ல.

சேகரிப்பவரிடம் விற்கத்தக்கவை என்று 418இல் நான் தனியே எடுத்தவை பதினான்கு. அந்த இரண்டு, 1995க்கு முந்தைய கனத்த திர்ஹம் பதினொன்று, அமெரிக்க அரை டாலர் ஒன்று. கடைசியானது கென்னடி உருவம் பொறித்த 1964ஆம் ஆண்டுக் காசு. ஏதோ பயணி கொடுத்த அன்பளிப்பாக இருக்கலாம். 1964 வரையிலான அமெரிக்க டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகியவற்றில் 90 விழுக்காடு வெள்ளி, கென்னடி அரை டாலரில் 1965 முதல் 1970 வரை 40 விழுக்காடு, பின்னர் இல்லை. 12.5 கிராம் எடையில் 11.25 கிராம் வெள்ளி. கிராம் 90 ரூபாய் விற்ற அந்நாளில் உலோகமே ஆயிரத்தைத் தாண்டியது. 1,100 ரூபாய்க்கு விற்றது. பிரிட்டனில் 1919 வரை 92.5 விழுக்காடு, 1946 வரை 50 விழுக்காடு வெள்ளி. சுவிட்சர்லாந்தில் 1967 வரை வெள்ளிக் காசுகள் உண்டு. குவியலில் இவ்வாண்டு எல்லைகளை மட்டும் பார்த்தால்கூடப் போதும், தவறவிடக் கூடாதவை தப்பிவிடா. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு தராசு ஒன்று இருந்தால் மிகவும் உதவும்.

விலையை எப்படி அறிவது? நூமிஸ்டா போன்ற இணையப் பட்டியல்களில் நாடு, மதிப்பு, ஆண்டு கொடுத்துத் தேடினால் வகையின் எடை, விட்டம், உலோகம், அச்சிட்ட எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு வகைக்கும் கிராஸ் பட்டியலின் கே.எம். எண் என்று ஒன்றிருக்கும். விற்பனைக் குறிப்பில் அந்த எண்ணைத் தந்தால் வாங்குபவர் உங்களை மதிக்கத் தொடங்குவார். ஆனால் பட்டியல் விலை அகராதிப் பொருள் போன்றது. புழக்கத்தில் என்ன பொருள் என்பதை அறியத் தரவகத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே தரவகம் என்பது விற்று முடிந்தவற்றின் விலைகள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்கு ஐம்பதாயிரம் என்று விளம்பரம் இடலாம். அது அவருடைய ஆசை. இணையச் சந்தைகளில் விற்பனை முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். ஏல நிறுவனங்களும் முடிவு விலைகளை வெளியிடுகின்றன. எட்டு லட்சம் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது அந்த வடிகட்டியை அழுத்தியதும் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே விலைபோகும் நவீனக் காசுகள் இல்லாமல் இல்லை. மொனாக்கோ 2007இல் கிரேஸ் கெல்லி நினைவாக 20,001 மட்டும் அச்சிட்ட இரண்டு யூரோ ஆயிரம் யூரோவுக்கு மேல் விலைபோகிறது. பிரிட்டனின் 2009ஆம் ஆண்டுக் கியூ தோட்டம் ஐம்பது பென்னி 2,10,000தான் அச்சானது. முகமதிப்பைப் போலப் பன்மடங்கு பெறுகிறது. கோடிக்கணக்கில் அச்சடிக்கப்படும் உலகில் இவை விதிவிலக்குகள். மாறாக, வழக்கொழிந்த பணம் அனைத்தும் செல்லாக்காசும் அன்று. ஜெர்மனியின் மத்திய வங்கி பழைய மார்க் காசுகளையும் தாள்களையும் கால வரம்பின்றி யூரோவாக மாற்றித் தருகிறது. பிரான்ஸ் காசுகளுக்கோ 2005 பிப்ரவரியோடு கதவடைத்தது. புருனை காசைச் சிங்கப்பூரில் சம மதிப்பில் செலவழிக்கலாம். 1967 முதல் உள்ள உடன்பாடு அது.

பெரியம்மாவிடம் நான் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று உண்டு. கழுவாதீர்கள். புளி, சாம்பல், பீதாம்பரி, தேங்காய் நார் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் பித்தளை மங்கியிருப்பது குடும்பத்துக்கு இழுக்கு. காசு உலகில் தேய்த்த பளபளப்பு இழுக்கு. காலம் படியவைத்த மேற்பூச்சுப் போனால் விலையில் பாதி போகும். ஈரம் ஒட்டியிருந்தால் துணியில் ஒற்றி எடுக்கலாம், அவ்வளவே. மெல்லிய பிவிசி உறைகளிலும் நீண்டநாள் வைக்கக் கூடாது. பச்சை நிறத்தில் பிசுபிசுக்கும். நடுவில் சாளரம் வைத்த அட்டை உறைகள் மலிவாகக் கிடைக்கின்றன. படம் எடுப்பதற்கு விளக்கு வேண்டாம், காலை வெளிச்சம் விழும் சன்னலோரம் கறுப்புத் துணி போதும். இரு பக்கமும் எடுக்க வேண்டும். கீறல் இருந்தால் கீறல் தெரியும்படி எடுக்க வேண்டும். மறைத்து விற்றதைத் திருப்பி வாங்கும் அஞ்சற்செலவு அந்தக் காசின் விலையைவிட அதிகம்.

பதினொரு கனத்த திர்ஹங்களையும் சேகரிப்பவர் ஒருவர் தலா 60 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். எஞ்சிய 83ஐ என்ன செய்வது? தனித்தனியே விற்றால் ஒவ்வொன்றும் ஐந்து, பத்து ரூபாய் பெறும், அஞ்சற்செலவு ஐம்பது. எனவே சவூதி, குவைத், பஹ்ரைன், கத்தார், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், இலங்கை என்று எட்டு நாட்டுக்கு ஒரு காசாக ஆறு தொகுப்புகள் செய்தோம். ஒவ்வொரு உறையிலும் நாட்டின் பெயரை எழுதியவர் பெரியம்மாவின் பேத்தி. மலையாளத்திலும் தமிழிலும் எழுதினாள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் தொகுப்பு 150 ரூபாய்க்கு வாங்கினார்கள். இது விற்பனையின் பழைய உத்திதான். வருகைகளை வகைகளாக அடுக்கித் தருவது.

கணக்கை முழுமையாகத் தருகிறேன். பயணிகளிடம் 3,988, கனத்த திர்ஹம் 660, கத்தார்–துபாய் 250, அரை டாலர் 1,100, தொகுப்புகள் 900. மொத்தம் 6,898. உறைகளுக்கும் ஸ்பீடு போஸ்டுக்கும் 410 போக 6,488 ரூபாய். எட்டு மாத உழைப்புக்கு இது கூலி ஆகாது. என் உதவித்தொகை நான்கு மாதம் தாமதமான அந்நாள்களில்கூட இதைத் தொழிலாக நினைக்கத் தோன்றவில்லை. ஆனால் கிலோ விலையைவிட மூன்று மடங்கிற்கு மேல். அந்த 2,450 ரூபாயும் கையைவிட்டுப் போகவில்லை.

இந்த எண்ணைச் சொல்லும் நாளைக் குறித்து எனக்குத் தயக்கம் இருந்தது. எட்டு லட்சம் என்று கேட்ட காதுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் எப்படி ஒலிக்கும்? பெரியம்மா நோட்டை எண்ணி முடித்துவிட்டு, கூஜாப் படம் போட்ட காசுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். 2,112 என்றேன். ‘கூஜா ஒண்ணும் தண்டமில்லெ’ என்றார். மறுவாரம் அடுக்களையின் மேற்குச் சரிவில் ஓடு மாற்ற ஆள் வந்தது. கிழக்குச் சரிவு இன்னும் பழைய ஓட்டோடுதான் இருக்கிறது.

இடையில் ஒரு சொற்குறிப்பு. இல்லாவிட்டால் என் நெறியாளர் மன்னிக்க மாட்டார். வெளிநாட்டுக் காசு இந்தக் கணவாய் வழியே வந்துபோவது புதிதன்று. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. வந்த காசு போனாலும் சொல் தங்கிவிடுகிறது. டச்சுக்காரரின் டூய்ட் நமக்குத் துட்டு ஆனது. ஆங்கிலேயப் பொன்னாணயமான சாவரின் சவரன் ஆயிற்று. பவுண்டு, பவுன் ஆயிற்று. அக்காசின் எடை 7.988 கிராம் என்பதால்தான் நம் பவுன் எட்டு கிராம். எதிர்த்திசையில் நம் காசு போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, சீனத்துத் துளைக்காசுக்குப் பெயராயிற்று. எலப்புள்ளியில் இப்போதும் முதியோர் சிலர் சிறு தொகையைத் ‘திர்ஹம் கணக்கு’ என்கிறார்கள். ஆய்வேட்டில் இதற்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு.

தொகுப்புகளுக்குப் பின் மிஞ்சியவை 35. அவற்றுள் சிங்கப்பூர்க் காசு மூன்றும் இலங்கைக் காசு எட்டும் விற்பனைக்கு இல்லை. தமிழ் எழுத்து உள்ளவை எவை என்று பெரியம்மாவின் பேத்தி தேடிப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டாள். சிங்கப்பூரின் 1985க்கு முந்தைய வரிசையில் தமிழ் இராது, பிந்தையதில்தான் இருக்கும் என்று நான் சொன்னதை அவள் சரிபார்த்தும் விட்டாள். மற்ற 24இல் ஒன்பது, குவைத்தின் நூறு ஃபில்ஸ். தொள்ளாயிரம் ஃபில்ஸின் மதிப்பு 220 ரூபாய்க்கும் மேல். பாலக்காடு, கோவைப் பக்கத்திலிருந்து குவைத்துக்குச் செல்லும் நண்பர் எவரேனும் இதைப் படித்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். 220 ரூபாய்க்குத் தரச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா, பேரம் இல்லையாம்.